காஸ் போட்டால் சரியாகிவிடுமா?

தலைவலிக்கும் விளக்கெண்ணெய், கால்வலிக்கும் விளக்கெண்ணெய், காது குடைச்சலுக்கும் விளக்கெண்ணெய் என்று சொல்லும் வைத்தியர் ஒருவர் இருந்தால், நாம் அவர் வீட்டுத் திண்ணைப் பக்கம் தலை வைத்துப் படுப்போமா? மாட்டோம். ஆனால் மோட்டார் வண்டியில் ஏ.ஸி. குளிரவில்லை என்று சொன்ன மாத்திரத்தில், வண்டியை ஏறெடுத்தும் பாராமல், "காஸ் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லுகிறவர்களிடம் மட்டும் மறு பேச்சில்லாமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டு வருகிறோம்.

நான் அவ்வாறு மூன்று தடவை எண்ணி வைத்தவன். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கும் உபாத்தியாயன். ஆவியாதல் என்றும், உள்ளுறை வெப்பம் என்றும் இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்துக் கொண்டிருப்பவன். கரும்பலகையில் இருந்த சாஸ்திரம் வாசலில் நின்ற வண்டிக்குள் எட்டிப் பார்க்கவேயில்லை. அதை எட்டிப் பார்க்க வைத்தவர் தேனியில் உள்ள ஒரு மெக்கானிக். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

வீரபாண்டியில் நடந்தது

எங்கள் வீடு சின்னமனூரில் இருக்கிறது. மேற்கே மலை, கிழக்கே மலை, நடுவே முல்லைப் பெரியாற்றுப் பாசனம், வயல், தென்னை, திராட்சைப் பந்தல் என்று கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேள்விப்படுகிற வெளியூர் அன்பர்கள், இங்கே பன்னிரண்டு மாதமும் சாமரம் வீசுவதாக எண்ணிக் கொள்கிறார்கள். அவர்கள் சித்திரை மாதத்தில் ஒரு நாள் நடுப்பகலில் வந்து பார்க்க வேண்டும்! ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி உசிலம்பட்டி வழியே மதுரைக்குப் போகும் சாலையில் அந்த வேளையில் அடிப்பது காற்றல்ல, அடுப்பு வாய்.

என் தாயாருக்கு வயது 78. இருதயம் பலவீனமானது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மதுரைக்கு அழைத்துச் சென்று டாக்டரிடம் காட்ட வேண்டும். போகும் தூரம் ஏறக்குறைய 100 கிலோ மீட்டர். வெயிலில் அவரை அலைய விடக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. ஆகையால் எங்கள் வீட்டில் ஏ.ஸி. என்பது டம்பமல்ல, மருந்துச் சீட்டில் எழுதாத ஒரு மருந்து.

மாசி மாதத்தில் முதன் முதலாக அந்த மருந்து முறுக்கிக் கொண்டது. கடைத் தெருவில் வண்டி நின்றால் உஷ்ணக் காற்று வீசிற்று. ஒரு பட்டறையில் காட்டினேன். "காஸ் குறைந்திருக்கும்" என்றார்கள். 1,500 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கு ஓட்டி வரும்போது ஜில்லென்றிருந்தது. பங்குனியில் மறுபடி அதே கதை. வேறொரு பட்டறை, அதே 1,500 ரூபாய், திரும்பும் வழியில் அதே ஜில். எனக்குப் பரம திருப்தி.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்தது. டாக்டர் குறித்துக் கொடுத்த நாளும் அந்த வாரத்தில்தான் அமைந்தது. காலையில் புறப்பட்டோம். வீரபாண்டி வரும் வரையில் குளிர்ச்சிக்குக் குறைவில்லை. ஊரை நெருங்கியதும் ஒரே ஜன சமுத்திரம். தீச்சட்டி ஏந்தி வருகிறவர்களும், முளைப்பாரி சுமந்து வருகிறவர்களும், ராட்டினத்தைப் பார்த்து அடம் பிடிக்கும் குழந்தைகளுமாகச் சாலை நிறைந்திருந்தது. வண்டி நத்தையைப் போல் ஊர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் உள்ளே வீசிய காற்று வெதுவெதுப்பாயிற்று. பத்து நிமிஷத்தில் அனலாயிற்று.

"ஏப்பா, மூச்சு முட்டுதுப்பா" என்றார் அம்மா. என் மனைவி திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க, வண்டியை ஓரமா நிறுத்துங்க! அத்தைக்குக் கண்ணு சொருகுது!" என்று அலறினாள்.

எப்படி ஓரங்கட்டினேன், எப்படிக் கீழே இறக்கினேன் என்பது எனக்கே தெரியாது. சாலையோரம் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்த புண்ணியவான்கள் ஓடி வந்து அம்மாவை நிழலில் படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, பனையோலை விசிறியால் வீசினார்கள். கால் மணி நேரத்துக்குப் பின் அம்மா கண் விழித்தார். மதுரைக்குப் போகாமல் வீடு திரும்பினோம்.

அன்றிரவு அம்மா சொன்னார்: "இனிமே மதுரைக்கு நான் வரலைய்யா. வைத்தியமும் வேணாம், ஒண்ணும் வேணாம். இருக்கிற வரைக்கும் இங்கேயே இருந்துட்டுப் போறேன்."

எனக்குத் தூக்கம் வரவில்லை. மறு நாள் மூன்றாம் பட்டறைக்குப் போனேன். அங்கும் காஸ்தான் போட்டார்கள். இந்தத் தடவை ஓடும் வண்டியிலும் குளிர்ச்சி விட்டு விட்டு வர ஆரம்பித்தது.

நாடி பிடித்தவர்

அப்போதுதான் ஒரு சக உபாத்தியாயர் தேனியில் இருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னார். வேப்ப மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. அதில் அவரும் இரண்டு பையன்களும். நான் போன உடனே, "அண்ணே, காஸ் இறங்கிப் போச்சு. கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்று என் வியாதியை நானே நிர்ணயம் செய்து சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக் கொண்டு என்னைப் பார்த்தார். "அது கிடக்கட்டும் ஸார். வண்டி நிக்கிறப்பச் சுடுதா, ஓடுறப்பச் சுடுதா?"

யோசித்தேன். "நிக்கிறப்பத்தான் ஆரம்பிச்சது. இப்ப ஓடுறப்பவும் வருது."

"காத்து வேகமா வந்து சுடுதா? இல்லே, காத்தே குறைஞ்சு போச்சா?"

"காத்து வேகமாத்தான் வருது."

"போட்ட உடனே சுடுதா, கொஞ்ச நேரம் குளுந்துட்டு அப்புறம் சுடுதா?"

மருந்து கொடுப்பதற்கு முன் நோயின் வேரைத் தேட வேண்டும் என்பது வள்ளுவர் காலம் தொட்டு நமக்குத் தெரிந்த பாடம். மூன்று பட்டறைகளில் ஒருவராவது கேட்காத கேள்விகளை இவர் ஒரு கருவியையும் தொடாமலே கேட்டுவிட்டார்.

பிறகு வண்டியைக் கிளப்பி, ஏ.ஸி.யைப் போட்டு, முன் மூடியைத் திறந்தார். கம்ப்ரஸர் 'டக்' என்று பிடித்துக் கொள்ளும் ஓசை கேட்டது. எங்கள் வண்டியின் முகப்பில் இரண்டு விசிறிகள் உண்டு. ஒன்று ரேடியேட்டருக்கு, மற்றொன்று ஏ.ஸி.யின் கண்டென்ஸருக்கு. அந்த இரண்டாவது விசிறி, ஏ.ஸி. போட்டதும் சுழல வேண்டியது, நிஷ்டையில் அமர்ந்த முனிவரைப் போல் அசையாமல் இருந்தது. ரேடியேட்டர் விசிறி தன் வேலையைச் செய்து வந்தபடியால் என்ஜின் கொதிக்கவில்லை. அதனால் எனக்குச் சந்தேகமும் தோன்றவில்லை.

மெக்கானிக் ஒரு பையனைக் கூப்பிட்டு ஒரு வாளி தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். குவளையால் மொண்டு கண்டென்ஸரின் மேல் மெதுவாக ஊற்றினார். 'சொய்' என்று ஆவி எழுந்தது. "உள்ளே போய் உட்காருங்க ஸார்" என்றார். உட்கார்ந்தேன். என்ன ஆச்சரியம்! அரை நிமிஷத்துக்குள் ஜில்லென்று காற்று வீசிற்று. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியதும் மறுபடி அனல்.

"காஸுல குத்தமில்லே ஸார். காஸு கொண்டாந்த சூட்டை வாங்கிக்க ஆளில்லே. அதான் குத்தம்" என்றார்.

அடுத்து, பாட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். விசிறி சுழன்றது. ஆக, விசிறி நல்ல விசிறி. பியூஸும் நன்றாயிருந்தது. பிறகு பெட்டியிலிருந்து தீப்பெட்டியைவிடச் சிறிய ரிலே ஒன்றைப் பிடுங்கி, அதன் இடத்தில் ஹார்னுக்குரிய ரிலேயை மாற்றிச் சொருகினார். அவை இரண்டும் எங்கள் வண்டியில் ஒரே ஜாதி. விசிறி தானாகவே சுழல ஆரம்பித்தது, ஹார்ன் ஊமையாயிற்று. வியாதி பிடிபட்டுவிட்டது!

சாலும் வாய்க்காலும்

ரிலே வாங்கி வரப் பையன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், "அப்படியானால் காஸ் போட்டதும் ஏன் குளிர்ந்தது?" என்று கேட்டேன். அவர் சிரித்துக் கொண்டே, "போட்ட அப்புறம் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனீங்களா, இல்லே, நின்னுக்கிட்டே இருந்தீங்களா?" என்றார். ஓடும்போது எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. குளிர்ந்தது காஸினால் அல்ல, ஓடியதனால்! அதற்குத்தான் நான் இரண்டு முறை தட்சணை கொடுத்திருக்கிறேன்.

"எங்கய்யா கவலை ஓட்டுனவரு" என்று தொடங்கி அவர் சொன்ன விளக்கத்துக்கு ஈடாக எந்தப் பாட புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

கவலை ஏற்றத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். மாடுகள் கயிற்றை இழுக்க, சால் கிணற்றில் இறங்கித் தண்ணீரை மொண்டு மேலே வந்து, தொட்டியில் கொட்டிவிட்டு, வெறும் சாலாகத் திரும்பவும் இறங்கும். ஏ.ஸி.யும் ஒரு கவலைதான். அது குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை மொண்டு வெளியே கொட்டுகிறது. தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது. வெப்பமும் தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் போகாது. இரண்டுக்கும் யாராவது பாடுபட்டு இழுக்க வேண்டும். இங்கே இழுக்கும் மாடு கம்ப்ரஸர். கிணறு, வண்டிக்குள் இருக்கும் கூலிங் காயில். தொட்டியும் வாய்க்காலும், முகப்பில் இருக்கும் கண்டென்ஸர். காஸ் என்பது என்ன? அதுதான் சால்!

மண்பானைத் தண்ணீர் குளிர்வதேன்? பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக் கொண்டு போகிறது. அந்த உள்ளுறை வெப்பமே இங்கும் வேலை செய்கிறது. பல வண்டிகளில் இருக்கும் ஆர்-134ஏ என்னும் திரவம், சாதாரணக் காற்றழுத்தத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலிங் காயிலுக்குள் அது ஆவியாகும்போது வண்டியின் வெப்பத்தை மொண்டு கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை இறுக்கி அழுத்துகிறது. அழுத்தம் மிகுந்தால், 50, 60 டிகிரி உஷ்ணத்திலும் அது மறுபடி திரவமாகும். ஆகையால் சித்திரை வெயிலிலும் கண்டென்ஸரில் வெப்பத்தை உதறிவிட்டுத் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் குறுகிய வாசல் வழியே புகுந்து, அழுத்தம் தளர்ந்து, மீண்டும் கூலிங் காயிலுக்கு வருகிறது. பானை நீர் ஆவியாகிப் போனால் போனதுதான். இது போவதில்லை, சுற்றிச் சுற்றி வருகிறது.

எங்கள் வண்டியில் சால் ஒழுங்காக இறங்கி ஏறிற்று. வாய்க்கால்தான் அடைபட்டிருந்தது. தொட்டி ததும்பி நிற்கும்போது, மேலும் இரண்டு சாலைக் கட்டி இழுத்தால் மாடு நுரை தள்ளாதா? அதுதான் நடந்தது. மூன்று பட்டறைகள் போட்ட காஸ் அளவுக்கு மிஞ்சிவிட்டது. அழுத்தம் வரம்பைத் தாண்டும்போதெல்லாம், வெடித்துவிடாமல் காக்கும் ஸ்விட்ச் ஒன்று கம்ப்ரஸரை நிறுத்திற்று. மருந்தே வியாதியை வளர்த்தது.

கடைசியாகத்தான் அவர் அழுத்தமானியை மாட்டினார். நினைத்தபடியே இரண்டு முள்ளும் உச்சத்தில் நின்றன. மிகுந்த காஸைக் காற்றில் விடாமல் யந்திரத்தால் உருளையில் பிடித்துக் கொண்டார். நம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று அள்ளிக் கொண்டு வரும் புழுதியும் சருகும் பஞ்சும் கண்டென்ஸரின் இதழ்களில் கம்பளிபோல் அப்பியிருந்தன. இதழ் மடங்காமல் தண்ணீரால் கழுவினார். குழாய்களில் இருந்த காற்றையும் ஈரத்தையும் அரை மணிக்கு மேல் உறிஞ்சி வெளியேற்றினார். பிறகு முன் மூடியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, அதில் குறித்த கிராம் கணக்குப்படி தராசு வைத்துக் காஸை நிரப்பினார். எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் முன்பு அழுததில் பாதிகூட ஆகவில்லை.

ஒழுகினால் யாருக்கு நஷ்டம்?

காஸ் குறைவதே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். குறைவதுண்டு. இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் வழியாகவும் குழாய்கள் வழியாகவும் பல வருஷங்களில் சிறிது கசியும். ஆனால் அது பெட்ரோலைப் போல் எரிந்து செலவாகும் பொருளல்ல. போன மாதம் நிரப்பியது இந்த மாதம் இல்லையென்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றே அர்த்தம். காஸோடு எண்ணெயும் சுற்றி வருவதால், ஒழுகும் இடத்தில் எண்ணெய்ப் பசை கசிந்து தூசி ஒட்டிக் கொண்டிருக்கும். சோப்பு நீரைத் தடவினால் குமிழி எழும். மிகச் சிறிய ஒழுக்குக்கு நைட்ரஜன் அடைத்துப் பார்ப்பார்கள். அல்லது சாயம் கலந்து விசேஷ விளக்கில் பார்ப்பார்கள். ஓட்டையை அடைக்காமல் காஸ் நிரப்புவது, கிழிந்த சாலைத் தைக்காமல் மாட்டை விரட்டுவதற்குச் சமானம்.

நஷ்டம் நம் பணப்பைக்கு மட்டுமன்று. 1939ஆம் வருஷக் கடைசியில் சிகாகோ நகரில் பாக்கார்ட் கம்பெனி தொழிற்சாலையிலேயே ஏ.ஸி. பொருத்திய வண்டியைக் காட்சிக்கு வைத்தது. குளிர் போதும் என்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, கம்ப்ரஸரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்ததாம்! பின்னர் பல வருஷம் எல்லா வண்டிகளிலும் ஆர்-12 என்னும் காஸே இருந்தது. விஷமில்லாதது, தீப்பற்றாதது என்று கொண்டாடினார்கள். அது வான மண்டலத்தின் ஓசோன் போர்வையை அரிக்கிறது என்று 1974இல் இரு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1987இல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் ஏற்பட்டு அது படிப்படியாக ஒழிந்தது. அதன் ஸ்தானத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 1,430 மடங்கு வலியது. ஒரு வண்டியில் உள்ள அரைக் கிலோ காஸ் காற்றில் கலந்தால், சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். இதையும் குறைப்பதற்காக 2016இல் கிகாலி நகரில் ஏற்பட்ட உடன்பாட்டை நம் தேசம் 2021இல் ஏற்றுக் கொண்டது. ஒழுகும் வண்டிக்கு மாதந்தோறும் காஸ் போடுகிறவர், வெயிலைத் தணிக்க வேண்டிச் சித்திரைக்கே நெய் வார்க்கிறார்!

வீட்டார் கவனிக்க வேண்டியவை

கருவி எதுவும் இல்லாமல், கண்ணாலும் காதாலும் அறியக் கூடிய சில குறிகளைச் சொல்லுகிறேன்.

ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சுட்டால், முதலில் விசிறியையும் கண்டென்ஸரின் அழுக்கையும் பாருங்கள். காற்றே குறைந்து வந்தால், பெரும்பாலும் வண்டிக்குள் காற்றை வடிகட்டும் பில்டர் அடைத்திருக்கும். பல வண்டிகளில் அது முன்னிருக்கைக்கு எதிரே உள்ள பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. நாமே கழற்றிப் பார்க்கலாம். முதலில் குளிர்ந்து, சிறிது நேரத்தில் காற்று குறைந்து, நிறுத்தி வைத்துப் போட்டால் மறுபடி குளிர்ந்தால், கூலிங் காயிலில் பனி உறைகிறது என்று கொள்ளலாம். நாளுக்கு நாள் படிப்படியாகக் குளிர்ச்சி குன்றினால் ஒழுக்கைச் சந்தேகியுங்கள். திடீரென்று ஒரே நாளில் நின்றுவிட்டால் பியூஸ், ரிலே, கம்ப்ரஸரின் கிளட்ச் ஆகிய மின்சார சமாசாரங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 'டக்' என்ற ஓசை சில புதிய வண்டிகளில் கேட்காது; அதைக் கொண்டு மட்டும் முடிவு கட்ட வேண்டாம்.

வண்டியின் அடியில் தெளிந்த நீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். அது காற்றிலிருந்து பிரிந்த ஈரம். மாறாக, உள்ளே கால்மிதி நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அந்த ஈரத்தைப் பிரிக்கும் குணத்தினால்தான், போடி மெட்டு மலைப்பாதையில் மூடுபனி கவிந்து கண்ணாடியின் உட்புறம் மங்கும்போது, ஏ.ஸி.யைப் போட்டால் தெளிகிறது.

காஸ் குழாயின் இணைப்பை மட்டும் யாரும் வீட்டில் திருகிப் பார்க்கக் கூடாது. மிகுந்த அழுத்தத்தில் இருப்பது. கையிலோ கண்ணிலோ பட்டால் உறைய வைத்துப் புண்ணாக்கிவிடும். புதிய வண்டிகள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு காஸ் இருக்கிறது. ஒன்றில் மற்றொன்றைக் கலக்கலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டறைக்குப் போனதும் என்னைப்போல் "காஸ் இறங்கிவிட்டது" என்று தீர்ப்புக் கூறாதீர்கள். எப்போது சுடுகிறது, எப்படிச் சுடுகிறது என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் மேலும் இரண்டு கேள்வி கேட்டால் வண்டியை அவரிடம் ஒப்படையுங்கள். கேட்காமலே காஸ் உருளையை உருட்டி வந்தால், "ஒழுக்கு எங்கே என்று காட்டுங்கள்" என்று நீங்கள் கேளுங்கள்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. வைகாசியில் ஒரு நாள், முதலில் வண்டியை வீட்டு வாசலிலேயே கால் மணி நேரம் நிறுத்தி ஓடவிட்டு, உள்ளே உட்கார வைத்துக் காட்டிய பிறகுதான் புறப்பட ஒப்புக் கொண்டார். தேனிப் பேருந்து நிலையத்தருகே பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவில் சிக்கிப் பத்து நிமிஷம் நின்றோம். என் நெஞ்சு அடித்துக் கொண்டது. பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது:

"ஏப்பா, ரொம்பக் குளுருதுய்யா. அதைக் கொஞ்சம் குறையேன்!"